ஒரே திருப்பில் கிளம்பிய வண்டி

வண்டி நின்றுவிட வேண்டும் என்று லொரெட்டா மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவளுடைய மாமனார் டெல்பர்ட்டுக்கு அது நிற்கவே கூடாது.

அரிசோனாவின் ஜூலைப் பிற்பகல். கண்ணாடியை இறக்கினால் முகத்தில் அனல் அடித்தது. ஏற்றினால் உள்ளேயே வேக வேண்டியதுதான். அறுபத்தொன்பதாம் வருஷத்து, பெரிய எஞ்சின் வைத்த மசில் கார், ஏசி கிடையாது. வேகமும் காது கிழிகிற சத்தமும் உண்டு.

அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினை டெல்பர்ட் தன் கையாலேயே கழற்றிப் பூட்டி, மகன் ரஸலுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்திருந்தார்.

போன மாதம் இந்தச் சாலையில்தான் ரஸல் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நடந்து போனான். மறுநாள் விடியற்காலையில் ஷெரிப்பின் போலீஸ்காரர்கள் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். வெயில் கொன்றிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவர்களில் ஒருவன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது.

ஊர் வாய்க்கு அது போதாதா? ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு நடுவெயிலில் எவன் நடப்பான்? சாகத் துணிந்தவன்தான் நடப்பான். அந்த அளவுக்கு அவனைக் கொண்டுவந்து விட்டது யார்? வேறு யார், பெண்டாட்டிதான். சர்ச்சில் அவள் உட்காரும் வரிசையில் இப்போதெல்லாம் யாரும் உட்காருவதில்லை.

சூட்டில் நின்றிருக்கும், ராத்திரி ஆறியதும் சரியாகியிருக்கும் என்று அவள் மாமனாரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தன் எஞ்சினைக் குறை சொன்னால் டெல்பர்ட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்று அவள் வாயை அடைக்கவே அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

நகரத்தை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று. ஏற்றத்தில் வேண்டுமென்றே அழுத்தி ஓட்டிப் பார்த்தார். வண்டி ஒரு முறைகூட இருமவில்லை.



ரஸலின் நண்பர்கள் நட்டிருந்த வெள்ளைச் சிலுவை தெரிந்தது. அவன் வண்டி நின்ற இடம். டெல்பர்ட் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார்.

"பாத்தேல்ல? இனிமேலாவது என் வண்டி மேல பழி போடாத."

ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பத்தான் இறங்கினார். சிலுவைக்கு முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். அடக்கத்தின்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர். இப்போது முதுகு குலுங்கியது. லொரெட்டா அவரைக் கூப்பிடவில்லை.

வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் சுற்றியது. பற்றவில்லை.

மறுபடியும் திருப்பினார். மறுபடியும்.

டெல்பர்ட் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார். லொரெட்டாவும் இறங்கி வந்தாள். பெட்ரோல் குழாயின் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடி வடிகட்டியை இரண்டு பேரும் பார்த்தார்கள். உள்ளே பெட்ரோல் குமிழ் குமிழாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஓடறப்போ பெட்ரோல் வந்துகிட்டே இருக்கும், ஒண்ணும் ஆகாது. அணைச்சுப் போட்டாத்தான் எஞ்சின் சூடெல்லாம் குழாய்ல ஏறி பெட்ரோல் ஆவியாயிடுது, எஞ்சினுக்குப் போய்ச் சேராது" என்றார், அவளைப் பார்க்காமல்.

பிறகு முன்பக்கத்து பம்பரில் உட்கார்ந்துவிட்டார். அது சுடுவதுகூட அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, லொரெட்டா. துணிக்குப் போடற மரக் க்ளிப்பைக் குழாய் நெடுக மாட்டி வெச்சிருந்தான். சூட்டை இழுத்துக்கும்னு பழைய ஆளுங்க செய்யறதுதான். கார் ஷோவுல அத்தனை பேர் முன்னாடி, 'என்னடா, கொடில துணியைக் காணோம்?'னு கேட்டு, நான்தான் ஒண்ணொண்ணா பிடுங்கிப் போட்டேன். என் புள்ளைய நானே கொன்னுட்டேன்."

ஒரு மாதமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். எழுபது வயதுக் கிழவர் எதிரே நொறுங்கிக்கொண்டிருக்க, அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் யாராவது உட்காருவார்கள் என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தோளில் கை வைத்தாள்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துணியை நனைத்துக் குழாயில் சுற்றினார்கள். குமிழ் அடங்கியதும் டெல்பர்ட் சாவியைத் திருப்பப் போனார். பாதியில் கை நின்றது.

"ஒரு நிமிஷம் அணைச்சா இது இப்படிப் படுக்காது. என்னை மாதிரி அவனும் ரொம்ப நேரம் நிறுத்தியிருக்கணும். இந்தப் பொட்டக்காட்டுல அவனுக்கு என்ன வேலை?"

"என்னைக் கேட்டா? ஒண்ணுக்குப் போக இறங்கியிருப்பான்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

லொரெட்டா சாலையைப் பார்த்தாள். அவர் வண்டியைக் கிளப்பினார். அதற்குமேல் யார் பேசினாலும் கேட்காது.

அந்தச் சத்தத்தில் போன் பேசவும் முடியாது. யாராவது கூப்பிட்டால் ரஸல் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் எடுப்பான். அன்றைக்குக் கூப்பிட்டவள் லொரெட்டா. முந்தின நாள் சண்டையில் பாக்கி வைத்திருந்ததை ஒன்று விடாமல் பேசித் தீர்த்தாள்.

"போன்ல சார்ஜ் தீரப்போகுது, வெச்சிடறேன். வீட்டுக்கு வந்து பேசறேன்" என்று அவன் இரண்டு தடவை சொன்னான்.

போன் அணையும்வரை அவள்தான் விடவில்லை.