மச்சினனுக்கு மட்டும் ஹீட்டர்

மச்சினன் காரை விட்டு இறங்கியபோது குளத்தில் முங்கி எழுந்தவன் மாதிரி இருந்தான். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

"ஹீட்டரை முழுசா வச்சுத்தானே ஓட்டினே?" என்று கேட்டார் கார்க்காரர். முகத்தில் அப்படி ஓர் அக்கறை.

"ஆமா மாமா. நீங்க சொன்ன மாதிரியே."

"எஞ்சின் சூடாகலையே?"

"எஞ்சின் ஜம்முனு இருக்கு மாமா. நான்தான் வெந்துட்டேன்."

சாவியைக் கொடுத்துவிட்டுச் சொட்டச் சொட்ட நடந்து போனான். கார்க்காரர் கதவைச் சாத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

விஷயம் இதுதான். மனைவியின் தம்பி சனிக்கிழமை தவறாமல் கார் இரவல் கேட்டு வந்து நிற்பான். எங்கே என்று கேட்டால், "ஒரு சின்ன வேலை மாமா" என்பான். கார்க்காரருக்கோ அந்தக் கார் பெற்ற பிள்ளைக்கும் மேல். கொடுத்தால் வயிறு எரிந்தது. இல்லை என்றால் வீட்டில் சோறு கிடைக்காது.

போன மாதம் கார் நடுரோட்டில் புகை கக்கி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டார், கையை உதறினார். கீழ் ஹோஸைத் தொட்டார், தலையை ஆட்டினார்.

"மேலே கொதிக்குது, கீழே சில்லுனு கிடக்கு. தெர்மோஸ்டாட் போயிடுச்சு சார்."

அதைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டும் காட்டினார். "இது ஒரு குட்டிக் கதவு. சூடு பட்டா திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடணும். உங்களுது பாருங்க, எவ்வளவு சூடு பட்டாலும் அசைய மாட்டேங்குது."

புதிதாக ஒன்றை மாட்டினார். கார் சமர்த்தாக ஓடியது.

"இனிமே எப்பவாச்சும் நடுவழியில சூடேறினா ஹீட்டரை முழுசா போட்டு மெதுவா வந்துருங்க சார். எஞ்சின் சூட்டை அது கொஞ்சம் இழுத்துக்கும். என்ன, உள்ளே இருக்கிறவங்க அவிஞ்சுபோவாங்க."

கார்க்காரருக்குப் பொறி தட்டியது.

தெர்மோஸ்டாட் மாற்றியதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. மச்சினனிடம் மட்டும், "ஹீட்டர் போடாம ஓட்டினா எஞ்சின் போயிடும், ஜாக்கிரதை!" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். அடிக்கிற வெயிலில் ஒரு தடவை அவிந்தால் மறு தடவை இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டான் என்று கணக்கு.

அவனோ அடுத்த சனிக்கிழமை தோளில் துண்டோடு வந்து நின்றான். அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு துண்டு.

"ஏண்டா, கண்ணாடியையாவது இறக்கிவிட்டா என்ன?" கார்க்காரருக்கே பொறுக்கவில்லை.

"இல்ல மாமா, ஏத்தித்தான் வச்சிருக்கேன்."

மாமனார் வீட்டில் இவனுக்கு மூளை வைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்து சீட் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. சூட்டுக் காற்று கால் பக்கம் திருப்பியிருந்தது.

மனைவியிடம் ஓடினார். "உன் தம்பி எவளையோ கூட்டிக்கிட்டுச் சுத்தறான்! சீட்டைப் பார்த்தா பொண்ணு ஒட்டகச்சிவிங்கி உயரம் இருப்பா போல."

"இருந்துட்டுப் போகட்டும். கல்யாண வயசுதானே?"

"அதுக்கு என் கார்தான் கிடைச்சுதா?"

"உங்களைப் பெத்த அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டப்பவே, வேலை இருக்கு, டாக்சி பிடிச்சுக்கோங்கன்னவர்தானே நீங்க! உங்ககிட்ட கேட்கிறான் பாருங்க, அவனைச் சொல்லணும்."

கார்க்காரர் காதில் விழாத மாதிரி வெளியே போய் காரைத் துடைத்தார்.

அடுத்த சனிக்கிழமை சாவியை நீட்டவில்லை. குரலில் தேன் ஒழுகியது.

"மாப்ளே, நீ படற கஷ்டத்தைப் பார்க்க முடியலடா. தெர்மோஸ்டாட்டை மாத்திடலாம்னு இருக்கேன். அது வர ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் கார் கிடையாது. அப்புறம் ஹீட்டரே வேண்டாம்!"

மச்சினன் முகம் செத்துப்போனது. "ஐயோ, வேண்டாம் மாமா! இப்படியே ஓடட்டும். ஹீட்டர் இருந்தே ஆகணும்."

"ஏன், அந்த நெட்டைப் பொண்ணுக்குக் குளிருதாமா?"

"எந்தப் பொண்ணு?"

"முன்னாடி காலை நீட்டி உட்கார்ந்து வர்றாளே, அவதான்!"

மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"உங்க அப்பா மாமா. முட்டிக்கு வாராவாரம் ஆஸ்பத்திரி. காலை மடக்க முடியல, அதான் சீட்டைத் தள்ளினேன். காத்து பட்டா வலிக்குதாம், அதான் கண்ணாடியை ஏத்திட்டேன். ஹீட்டர் சூடு அவ்வளவு இதமா இருக்காம்."

கார்க்காரர் குரலில் தேன் வற்றியது. "எங்கிட்ட... ஏண்டா சொல்லல?"

"சொன்னா உங்களைக் குத்திக்காட்டற மாதிரி ஆயிடும். அவருக்கும் பையன் வரலையேன்னு ஒரே வருத்தம். அதான் மாமா, ஒரு பொய் சொல்லி வச்சேன். காரைக் கொடுத்து அனுப்பறதே நீங்கதான்னும், அவர் முட்டிக்காகவே ஹீட்டரைப் போடச் சொல்லிக் கண்டிப்பா சொன்னீங்கன்னும். அதுல இருந்து பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் ‘என் பையன் ஏற்பாடு’ன்னு ஒரே பெருமை. தப்பா நினைச்சுக்காதீங்க."

அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தது கார்க்காரர்தான். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. பின் சீட்டிலிருந்து மச்சினன் ஒரு துண்டை நீட்டினான்.

"என்னடா இப்படி ஊத்துது உனக்கு?" பக்கத்தில் காலை நீட்டியிருந்த அப்பா பதறினார். "ஹீட்டரை நிறுத்தித் தொலையேன்."

"இருக்கட்டும்ப்பா," என்றார் கார்க்காரர், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "எனக்கு இந்தச் சூடு தேவைதான்."