அண்ணி கேட்ட கேள்வி

ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக மனைவியின் கையில் வைத்துக்கொண்டிருந்தான் சிவக்குமார். காபிப் பழம் பறித்த பையை இடுப்பில் கட்டியபடியே வாசலில் நின்று அதைப் பார்த்தாள் அவனுடைய அண்ணி ராசம்மாள்.

"அப்படியே மென்னும் குடுத்துரு சாமி. பாவம், பல்லு நோவப் போவுது."

சிவக்குமார் அடுத்த சுளைக்கு நார் எடுத்தான். கட்டிலில் சாய்ந்திருந்த தீபிகா, சுளையைத் தின்னாமல் தட்டில் வைத்தாள்.

மாமனாரும் மாமியாரும் போன பிறகு, மலையூரான கொட்டச்சேட்டில் அந்தக் குடும்பத்தின் பேரைக் கட்டிக் காப்பவள் ராசம்மாள்தான். அவள் சொல்லாமல் அங்கே அடுப்புகூட எரியாது. அப்படிப்பட்ட வீட்டின் சின்ன மருமகள் மனநல டாக்டரைப் பார்க்கச் சேலத்துக்குப் பஸ் ஏறுகிறாள் என்பது, பழம் பறிக்க வரும் பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டிருந்தது.

"இந்த ஊட்டுல இதுவரைக்கும் மனசுக்குன்னு ஆராச்சும் மாத்திரை தின்னிருக்கமா? அப்படி என்னதான் நோவு அம்மணி உனக்கு?"

"விடியறதுக்கு நொம்ப முன்னாடியே முழிப்பு வந்துருதுங்க்கா. அப்பறம் தூக்கமே வர்றதில்ல. எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது. சும்மா இருக்கறப்பவே அழுகாச்சி வருதுங்க."

"எல்லாருக்குந்தான் வருது. அதுக்குன்னு படுத்துக்கிட்டா ஆவுமா? நானெல்லாம் அந்நேரத்துக்கே எந்திரிச்சு மாட்டுக் கொட்டாயக் கூட்டிருவேன்."

ராசம்மாளுக்கு உள்ளே எரிந்தது. அவள் காய்ச்சலில் விழுந்த நாளில், "கஞ்சி காச்சிக் குடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு எஸ்டேட்டுக்குப் போனவர் அவள் கணவர் சின்னன். இங்கே ஒருத்திக்கு ஆரஞ்சுக்கு நார் எடுக்கிறார்கள்.

"அடுத்த தடவ நானும் வர்றேன். அந்த டாக்டரம்மாகிட்ட நானே கேட்டுக்கறேன். செரியான பதில் வரலீன்னா, அதோட சேலம் பஸ்ஸ மறந்துருங்க ரெண்டு பேரும்."

சிவக்குமார் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தான். மருந்து இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு நாளுக்கு முன்னால் தீபிகா யாரும் சொல்லாமல் தானாகவே தலை வாரிக்கொண்டாள். பாதியில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணி வேண்டாம் என்றால் அண்ணனும் வேண்டாம் என்பார்.

பஸ்ஸில் ராசம்மாள் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். குப்பனூரில் ஏறிய ஒருத்தி, "எங்கீங்க்கா, குடும்பத்தோட?" என்று கேட்டாள்.

"எனக்குக் கண்ணு காட்டப் போறோம்" என்று முகம் மாறாமல் சொன்னாள் ராசம்மாள்.

டாக்டர் இளம் பெண். தூங்கினாயா, சாப்பிட்டாயா, எந்த நேரத்தில் மனம் அதிகமாகக் கனக்கிறது என்று தீபிகாவிடம் மெதுவாகக் கேட்டார். அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். தீபிகா அழுதபோது, தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ராசம்மாள் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊட்ல உக்காந்து தின்னா மனசு கண்டதையும் நெனைக்கத்தான் செய்யும். இதப் போயி நோவுங்கறீங்களே" என்றாள்.

"சோம்பலா இருந்தா ரெண்டு நாள்ல போயிரும்மா. இது மனச்சோர்வு. சர்க்கார் ஆஸ்பத்திரியிலயும் இதுக்கு வைத்தியம் இருக்கு. சிலருக்குப் பேசிப் பேசியே சரியாகும், சிலருக்கு மாத்திரையும் வேணும். இவங்களுக்கு ரெண்டும் குடுக்கறோம். பலன் தெரியக் கொஞ்ச வாரம் ஆகும், அவ்வளவுதான்."

"நாள்பட்டுப் போயிருந்தா?"

"எத்தனை நாள் ஆகியிருந்தாலும் வைத்தியம் பண்ணலாம்மா."

ராசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அண்ணி எழுந்து, "கிளம்புங்க ஊட்டுக்கு" என்று சொல்லப்போகிறாள் என்று சிவக்குமார் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். தீபிகா தலை குனிந்திருந்தாள்.

"வேற ஏதாச்சும் கேக்கணுமாம்மா?"

ராசம்மாள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். குரல் எப்போதும்போலக் கறாராகத்தான் தொடங்கியது.

"இதுக்கு வைத்தியம் இருக்குதுன்னு, இருவது வருசமா எனக்கு ஏனுங்க ஆருமே சொல்லல?"