லேபிளுக்கு ஒப்புதல்

துலூத் நகரத்தாருக்கும், சுப்பீரியர் ஏரிக்கும், ஏரிக்கு அப்பால் வசிப்போருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஹாகன் டிசைன் நிறுவனத்தின் தேன் பாட்டில் லேபிள் திட்டம் நாற்பத்திரண்டு கட்டங்களைக் கடந்து, இறுதி ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.

லேபிள் செவ்வாய்க்கிழமையே வரைந்து முடிந்துவிட்டது. இன்று வெள்ளி.

பகல் பன்னிரண்டுக்குள் அச்சகத்துக்குப் போனால்தான் நாளைச் சந்தையில் மார்லிஸின் தேன் பாட்டில்கள் பெயரோடு நிற்கும். இந்த வருடம் நிறுவனத்துக்கு அகப்பட்ட ஒரே வாடிக்கையாளர் மார்லிஸ். மணி பதினொன்று நாற்பது.

கர்ட் ஹாகன் கம்ப்யூட்டர் திரையை முறைத்தான். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வண்ண அட்டை. தேனீயின் இறக்கை கொஞ்சம் தடிப்பு என்று தரப் பரிசோதகர் புதன்கிழமை குறிப்புப் போட்டிருந்தார். டிசைனர் அதற்குக் காரமாகப் பதில் போட்டார். இரண்டு பேரையும் சமாதானப்படுத்துவதிலேயே வியாழன் போயிற்று.

இனி மேனேஜர் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

மேனேஜர் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு தென்னைமரப் படம். வெள்ளிக்கிழமை விடுப்பு.

கர்ட்டின் மனைவி கோரீன் காபிக் கோப்பையோடு எட்டிப்பார்த்தாள். மேனேஜர் யாரென்று கேட்டாள். கர்ட் திரையிலிருந்த தென்னைமரத்தைக் காட்டினான். தரப் பரிசோதகர் யாரென்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான்.

நிறுவனம் மொத்தமும் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒரே ஒரு கர்ட், கோடு போட்ட பைஜாமாவில்.

"வரைஞ்சது நீ, குத்தம் சொன்னது நீ, லீவு போட்டதும் நீ. அனுப்பித் தொலையேன், கர்ட்."

முறை என்று ஒன்று இருக்கிறதே என்றான் கர்ட். விடுப்பில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஜனவரியிலேயே விதி போட்டாயிற்று. மூன்று பேரும் ஏகமனதாக நிறைவேற்றிய விதி.

கோரீன் காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினொன்று ஐம்பதுக்கு மார்லிஸே போன் செய்தாள். கர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டான். லேபிள் மேலிடத்தில் இருக்கிறது, குழு திங்கட்கிழமை கூடி முடிவெடுக்கும் என்றான்.

மார்லிஸ் சொன்னாள்:

"நீங்க இவ்வளவு பெரிய கம்பெனின்னு எனக்குத் தெரியாமப் போச்சு, தம்பி. பக்கத்து ஊரு டூ ஹார்பர்ஸ்ல ஒரு பொண்ணு தனி ஆளா பண்றா, இப்பவே போட்டுத் தர்றேங்கிறா. நான் அவகிட்டயே போயிக்கறேன்."

போன் அடங்கியது.

கர்ட் ஒரு புது அட்டையைத் திறந்தான். சிவப்பு நிறம் கொடுத்தான். 'வாடிக்கையாளர் போய்விட்டார், மிக அவசரம்' என்று தட்டி, மேனேஜர் பார்வைக்கு அனுப்பினான்.

மேனேஜர் திங்கட்கிழமை வருவார்.