நிஜம் போல ஒரு பவளம்

“இது பொம்மை இல்லை. நிஜப் பவளம்” என்றார் நடுவர்.

பள்ளிக்கூட ஹாலில் சலசலப்பு அப்படியே அடங்கிப்போனது. மாதிரிகள் அடுக்கியிருந்த நீள மேஜையின் கடைசியில் நின்ற ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

வகுப்பில் அவளுக்கு ‘ஊமைக்கோட்டான்’ என்று பட்டப்பெயர். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் டீச்சருக்கு அடுத்த பீரியட் வந்துவிடும்.

நடுவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடலைக் காப்பாற்றச் சொல்லிப் பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பெடுப்பவர். பிள்ளைகளுக்கு அவர் ‘பவளம் சார்’.

அன்று காலையில்கூட இதே ஹாலில்தான் பேசினார். பவளம் வெறும் கல் இல்லை, உயிர். விரலளவு வளரவே சிலதுக்கு வருஷக்கணக்காகும். செத்துக் கிடந்தாலும் தொடக்கூடாது, அது மீன்குஞ்சுகளுக்கு வீடு என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, ஒரு குழந்தை அழுதே விட்டது. கடைசியில் எல்லாரையும் கை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்கினார். “தொட மாட்டோம், உடைக்க மாட்டோம்” என்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பவளப்பாறை மாதிரி செய்யும் போட்டியில் முதல் பரிசு, அடியில் கண்ணாடி பதித்த படகில் போய் நிஜப் பவளப்பாறையைப் பார்த்து வருவது. அந்தப் படகுக்காகப் பிள்ளைகள் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஊமைக்கோட்டானுக்குக் கனவிலும் அதே படகுதான்.

அவளுடைய அம்மா முன்னால் வந்தாள்.

“அவளே செஞ்சது சார். நான் பல் செட் செய்யற இடத்துல வேலை பாக்கறேன். அச்சு எடுக்கற மாவு கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வந்து குடுத்தேன். அவ்வளவுதான்.”

நடுவர் சிரித்தார். கிளை கிளையாகப் பிரிந்து, உடம்பெல்லாம் ஊசி நுழையும் ஓட்டைகளோடு நின்றது அது.

“இந்த ஓட்டை ஒவ்வொண்ணுலயும் ஒரு உயிர் குடியிருந்ததும்மா. இதையெல்லாம் ஒரு குழந்தை கையால செய்ய முடியுமா? எங்கே வாங்கினீங்க, அதைச் சொல்லுங்க.”

அம்மா மகளைப் பார்த்தாள். வாயைத் திறந்து சொல்லேன் என்று கெஞ்சினாள். மகளுக்குக் கண்தான் நிறைந்ததே தவிர வாய் திறக்கவில்லை. மற்ற பெற்றோர்கள் உச்சுக் கொட்டினார்கள். இந்த வயசிலேயே எவ்வளவு அழுத்தம் பார் என்று ஒரு தாய் காதுபடவே சொன்னாள்.

பள்ளியின் பேர் கெட்டுவிடப் போகிறதே என்று தலைமையாசிரியை கையைப் பிசைந்தார். போட்டியிலிருந்து நீக்கிவிடலாம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார்.

“நீக்கினா மட்டும் போதாது மேடம். இது நிஜம்னு பிள்ளைங்க கண்ணால பாக்கணும்.”

சொன்ன கையோடு ஒரு கிளையைப் பிடித்துப் படக்கென்று உடைத்தார்.

பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே துருப்பிடித்த கம்பி. கம்பியைச் சுற்றிப் பழைய செய்தித்தாள். அதில் யாரோ ஒரு நடிகரின் பாதி மீசைகூடத் தெரிந்தது.

நடுவர் கிளையை மெல்ல மேஜையில் வைத்தார். மேடை பார்த்த மனிதர், சமாளித்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“என்னையே ஏமாத்திட்டியே கண்ணு. முதல் பரிசு உனக்குத்தான்.”

ஒரே கைதட்டல். உச்சுக் கொட்டியவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊமைக்கோட்டான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. உடைந்த கிளையை இரண்டு கையாலும் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“படகுல நீங்களும் வருவீங்களா சார்?”

“நான் இல்லாமலா? நான்தானே உன்னைக் கூட்டிட்டே போகப்போறேன்.”

அவள் பின்னால் நகர்ந்து அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள்.

“நிஜம்னு நினைச்சுத்தானே சார் இதை உடைச்சீங்க?”