தங்க நட்சத்திரச் சான்றிதழ்

"ஜெயில்ல எத்தனை மாசம் இருந்தே தம்பி?"

"பதினெட்டு மாசம் சார்," என்றான் டாரில் லரோக். சொல்லும்போதே அவன் காது சிவந்தது.

பிராம்லி மூஸ் ஐஸ் ஹாக்கி அணியின் நிர்வாகத் தலைவர் ஆர்னி ஸ்டெபான்யுக், "ம்" என்று எழுதிக்கொண்டார்.

டாரிலுக்குப் பக்கத்தில், மடியில் தடித்த கோப்புடன் மொரீன் டீச்சர் உட்கார்ந்திருந்தார். சிறையில் கைதிகளுக்குக் கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுப்பவர். ஐந்து அண்ணன்மாரோடு வீட்டுக்குப் பின்னால் உறைந்த குளத்தில் ஹாக்கி ஆடி வளர்ந்தவர்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து ஒரு கைதிகூடக் கேட்டதில்லை. டாரிலுக்காக நூற்று நாற்பது கிலோமீட்டர் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தார்.

அணிக்கு ஆள் எடுக்க இன்றுதான் கடைசி நாள். டாரிலுக்கு வயது முப்பதாகப் போகிறது. இந்தக் குளிர்காலத்தை விட்டால் அடுத்த குளிர்காலம் யாரும் கூப்பிடப் போவதில்லை. மூன்று அணிகள் ஏற்கெனவே, 'குற்றவாளிக்கு இடமில்லை' என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டன. ஹாக்கியைத் தவிர அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை, மாமாவின் பன்றிப் பண்ணையைக் கழுவிவிடுவது.

போதாததற்கு, ஆர்னியின் முழங்கைக்கு அடியில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. ஊர் மக்கள் கையெழுத்துப் போட்ட மனு. முதல் வரியில் பெரிய எழுத்தில் தன் பெயர் இருப்பது மட்டும் டாரிலுக்குத் தெரிந்தது.

சிறைக்குப் போகுமுன் ஆடிய ஆறு வருடத்தில் எத்தனை கோல் போட்டிருக்கிறான் என்று ஆர்னி கேட்டார். நாலு என்றான் டாரில். பொய் சொல்லக் கூடாது என்று டீச்சர் பழக்கியிருந்ததால், அதில் ஒன்று சொந்த வலைக்குள் விழுந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

"அது கிடக்கட்டும். அந்தச் சண்டை என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

டாரில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். மதுக்கடை வாசல், எதிரே மூன்று பேர். ஒருவனுக்குத் தாடை போயிற்று. இன்னொருவனுக்கு இரண்டு பல். மூன்றாமவன் பனி அள்ளும் வண்டிமேல் ஏறிக்கொண்டு, போலீஸ் வரும்வரை இறங்கவில்லை.

"மூணு பேரையும் நீ ஒருத்தனேவா?" ஆர்னியின் கண்கள் விரிந்தன.

"ஆமா சார். இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு."

இதற்குமேல் இவனைப் பேச விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று மொரீன் டீச்சர் கோப்பைத் திறந்தார். முப்பத்திரண்டு வகுப்பு, ஒருநாள்கூட லீவு இல்லை, அதற்கு ஒரு சான்றிதழ். கம்பளிப் பின்னலில் முதல் பரிசு, அதற்கு ஒன்று. மூன்றாவதில் தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. ஒரு கைதி சுடச்சுடக் கஞ்சியை டாரிலின் தலையில் கொட்டியபோது, டாரில் பத்து வரை எண்ணிவிட்டு அவனுக்கு நன்றி சொன்னதற்காகக் கொடுத்தது.

ஒவ்வொரு காகிதத்தையும் பார்க்கப் பார்க்க ஆர்னியின் முகம் தொங்கிக்கொண்டே போனது. நிலைமை கைமீறுகிறதே என்று டாரில் பதறினான்.

"ஐஸ்லகூட இனிமே நான் சண்டைக்குக் கையுறையைக் கழட்ட மாட்டேன் சார். என் அம்மாமேல சத்தியம்."

ஆர்னி பேனாவை மூடி வைத்தார். "மன்னிச்சிருப்பா. உன்னை எடுக்க முடியாது."

 டாரிலின் உதடு அசைந்தது, பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"தப்பு பண்ணினான், தண்டனையையும் அனுபவிச்சுட்டான். இவன் லாரி ஓட்டலாம், வீடு கட்டலாம், விளையாட மட்டும் கூடாதா? ஊர்ல நாலு பேரு கையெழுத்துப் போட்டு வேண்டாம்னுட்டா, இவன் வாழ்க்கை அவ்வளவுதானா?"

"வேண்டாம்னு யாரு சொன்னா?" ஆர்னி பெருமூச்சோடு மனுவை அவர் பக்கம் தள்ளினார்.

'மூன்று பேரை ஒற்றை ஆளாக வெளுத்த டாரில் லரோக்கை உடனே எடு' என்றிருந்தது. கீழே அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து பாதிரியாருடையது.

"நாலு கோல் போட்டவனை எதுக்குக் கூப்பிட்டேன்னு நினைச்சீங்க? போன வருஷம் பூரா எதிரணிக்காரனுங்க எங்க பசங்களை ஐஸ்ல போட்டுப் புரட்டி எடுத்துட்டானுங்க. கையுறையைக் கழட்டி வீசிட்டுத் திருப்பி அடிக்க எங்ககிட்ட ஒரு ஆள் இல்ல. அடிச்சா என்ன, அஞ்சு நிமிஷம் வெளிய உக்காரணும், அவ்வளவுதானே. அதைப் பாக்கத்தான் ஊரே டிக்கெட் வாங்குது." ஆர்னியின் குரல் தழுதழுத்தது. "நல்லா இருந்த பையனை இப்படித் திருத்திக் கெடுத்துட்டீங்களே டீச்சர்."

மொரீன் டீச்சர் கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

ஐந்துக்குப் போகவில்லை. ஆர்னி நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார்.

டாரில் பாய்ந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, மீதி ஆறையும் அவருக்காகத் தானே எண்ணி முடித்தான்.

மூக்கைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியிலிருந்து மெதுவாக எழுந்தார் ஆர்னி. ஒரு வருடமாகப் பிராம்லியில் யாரும் பார்த்திராத சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. இழுப்பறையிலிருந்து இரண்டு ஒப்பந்தங்களை எடுத்து, ஒன்றை டீச்சர் முன்னால் வைத்தார்.

"ஸ்கேட் என்ன சைஸ் போடுவீங்க டீச்சர்? பையனையும் எடுத்துக்கறேன், உங்களைப் பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் வேணுமே."