படையல் அதிரசம்

எண்ணெய்ச் சட்டியை ஏற்றினால் கோமதிநாயகத்தின் வீட்டு அடுப்பு பற்றாது. ஊரில் எந்த அடுப்பும் அப்படித்தான். யாருக்கும் தொப்பை விழக்கூடாது என்று வந்த உத்தரவு. நல்ல உத்தரவுதான், யார் இல்லையென்றது? சாவு விழுந்த வீட்டில் மட்டும், பதினாறாம் நாள் படையலுக்காக ஒரு பொழுது பற்றும்.

இன்று பற்றியது. அவர் மனைவி சிவகாமி படுக்கையில் கிடந்தபோது, "ஒரே ஒரு அதிரசம் சுட்டுத் தாங்களேன்" என்று கெஞ்சியிருந்தாள். அவரும் சட்டியை ஏற்றி ஏற்றி இறக்கிப் பார்த்தார். இப்போது அவள் படத்துக்கு முன்னால் தாம்பாளம் நிறைய அதிரசம், நெய் மினுங்க.

கற்பூரம் அணைந்ததும் மகன் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தான். பேத்தி இதழினி பிறந்ததிலிருந்து அதிரசத்தைக் கண்டதில்லை. முதல் கடியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களையெல்லாம் நக்கி முடித்துவிட்டு, "மறுபடி நம்ம வீட்டுல எப்போப்பா படையல்?" என்று கேட்டாள்.

அதட்ட வாயைத் திறந்த மகன் அதட்டவில்லை. கையில் பாதி அதிரசத்தோடு கோமதிநாயகத்தை ஏற இறங்கப் பார்த்தான்.