ஆடாத அரிசி

"முரசை அடி, கண்ணு. சத்தம்னா என்னன்னு கையால பார்க்கத்தானே வந்திருக்கோம்?"

இன்சுக் மறுபடியும் மறுபடியும் சொல்லிப் பார்த்துவிட்டாள். நாரே அசையவில்லை.

சுவோன் நகரின் குழந்தைகள் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் இன்சுக் நடத்தும் ஒலி வகுப்பு அது. ஆளுக்கொரு சின்ன முரசு, தோலின்மேல் கொஞ்சம் அரிசி. ஓரத்தில் தட்டினால் தோல் அதிரும், அரிசி துள்ளும். அந்த அதிர்வுதான் சத்தம். மற்ற பிள்ளைகள் தட்டித் தட்டி அறையையே இரண்டு பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயது நாரே மட்டும் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"என்ன பயம் கண்ணு?"

"கீழ் வீட்டம்மா திட்டுவாங்க."

இந்த அறைக்குக் கீழே கார்கள்தான் நிற்கின்றன என்று இன்சுக் எவ்வளவோ சொன்னாள். பிள்ளை நம்பவில்லை.

வகுப்பு முடிந்து கூட்டிப்போக வந்த தாயை இன்சுக் பிடித்துக்கொண்டாள். பிள்ளையை இப்படியா மிரட்டி வளர்ப்பது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்.

தாய் தலைகுனிந்தாள். குடிவந்து கொஞ்ச நாள்தானாம். தரை முழுக்க மெத்தை விரித்து, பிள்ளையை நுனிக்காலில் நடக்கப் பழக்கியும், கீழ் வீட்டிலிருந்து புகார் வராத நாளில்லையாம்.

இன்சுக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளும் ஒரு பொம்பளையா? பிள்ளைன்னா ஓடத்தான் செய்யும். நேர்ல போய் நாலு வார்த்தை கேக்கிறதுதானே?"

"சண்டை வந்துடும்னு நேர்ல பேசவே விடமாட்டாங்க டீச்சர். எல்லாம் காவலாளி மூலமாத்தான். இதுவரைக்கும் முகம்கூடப் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்டு அவங்க வாசல்ல ஒரு பெட்டி ஆப்பிள் வச்சேன். அதையும் காவலாளிகிட்ட குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க."

ஆப்பிள் பெட்டி என்றதும் இன்சுக்கின் வேகம் அடங்கிவிட்டது. எந்தக் குடியிருப்பு என்று மட்டும் கேட்டாள்.

ஏரிக்கரைக் குடியிருப்பு, நான்காம் கட்டடம், பன்னிரண்டாவது மாடி என்றாள் தாய்.

இன்சுக் ஒரு முரசை எடுத்து நாரேயின் கையில் கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆசை தீர அடிக்கச் சொன்னாள்.

தாய் பதறிப்போனாள். "வேண்டாம் டீச்சர். கீழ் வீட்டம்மா சும்மா விடமாட்டாங்க."

"விடுவா," என்றாள் இன்சுக். "அந்த மகராசி நான்தான்."